ஒத்திகைக்கு முன் ஊரை அறிதல்: நொய்யல், பவானிக் கரைகளில் ஒரு பயணம்

மேற்கே வெள்ளியங்கிரியும் வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் அரணாக நிற்க, கிழக்கே காவிரி பாயும் கொங்கு நாடு, புயலும் கடற்சீற்றமும் எட்டாத நிலம் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. கிணற்றுப் பாசனத்தை நம்பி வாழ்ந்த இந்த மேட்டுநிலத்து மக்களுக்கு, இயற்கையின் இடர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மழை பொய்ப்பதுதான். எனினும் இப்பகுதியின் வரலாறு அந்த நம்பிக்கைக்கு முழுமையாக இடம் தரவில்லை. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு ஏற்பட்ட நிலநடுக்கம், ஏறத்தாழ 6 ரிக்டர் அளவுடையதாக மதிப்பிடப்பட்டு, தென்னிந்தியாவில் பதிவான பெரிய அதிர்வுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரைத் திரும்பத் திரும்பத் தாக்கிய கொள்ளைநோயின் நினைவாக, பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இன்றும் கோவையில் வழிபாட்டில் உள்ளன. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட அதே நாளில், கோவை மாவட்டத்தின் வால்பாறைக்கு அருகே சோலையாறு அணைப் பகுதியில் வீட்டின் மீது மண் சரிந்து ஒரு மூதாட்டியும் அவருடைய பேத்தியும் உயிரிழந்தனர்.

பேரிடர் வருவதற்கு முன்பே, அது வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, யார் யாருக்குச் செய்தி சொல்வது, எந்த வழியாக வெளியேறுவது, எங்கே கூடுவது, விடுபட்டவரை எப்படிக் கண்டறிவது என்பவற்றை மக்களே செய்து பார்க்கும் முயற்சிக்குப் பேரிடர் ஒத்திகை என்று பெயர். பள்ளியிலும் ஆலையிலும் இது சட்டத்தின் கட்டாயத்தால் ஏதோ ஒரு வகையில் நடந்துவிடுகிறது. தெருவிலோ, கட்டாயப்படுத்துவோர் இல்லாமையால், தன்னார்வலர்கள் முன்வந்தால் மட்டுமே நடக்கிறது. அத்தகைய தெரு ஒத்திகை ஒன்றைக் கொங்கு நாட்டில் நடத்த வேண்டுமானால் எதை அறிந்திருக்க வேண்டும் என்னும் கேள்வியோடு, வெள்ளியங்கிரி அடிவாரத்தில் தொடங்கி, கோவை மாநகர், மேட்டுப்பாளையம், பவானி வழியாகத் திருப்பூர் வரை செல்லும் ஒரு பயணத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

மலையடிவாரத்தில் ஒரு பாடம்

கோவையிலிருந்து தொண்டாமுத்தூர் வழியாக மேற்கே செல்லும் சாலை, நகரத்தின் அடுக்குமாடிகளை விட்டு விலகியதும் தென்னை, பாக்கு, வாழைத் தோப்புகளுக்கு நடுவே நுழைந்து, மலை நெருங்க நெருங்கக் குளிர்ந்து, நரசீபுரத்தை அடைகிறது. மலையிலிருந்து இறங்கும் சிற்றோடைகள் நொய்யலாகத் திரளும் பகுதி இது. பேரிடர் ஒத்திகை பற்றிப் பேசுவோர் எவரும் முதலில் நினைவுகூர வேண்டிய நிகழ்வு இப்பகுதியில்தான் நடந்தது. 2018 ஜூலை 12ஆம் நாள், இங்குள்ள தனியார் கல்லூரி ஒன்றில் பேரிடர் மேலாண்மைப் பயிற்சி என்ற பெயரில் மாணவர்கள் மாடியிலிருந்து கீழே விரிக்கப்பட்ட வலையில் குதிக்க வைக்கப்பட்டனர். இரண்டாம் மாடியின் விளிம்பில் தயங்கி அமர்ந்திருந்த 19 வயது மாணவி ஒருவரைப் பயிற்சியாளராக வந்திருந்தவர் தள்ளிவிட, அவர் முதல் மாடியின் வெயில் தடுப்புப் பலகையில் தலை மோதி உயிரிழந்தார். அந்நபர் தங்களால் அனுப்பப்பட்டவர் அல்லர் என்றும், அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்றும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது; பயிற்சியாளர் கைது செய்யப்பட்டார்.

உயிரைக் காக்கக் கற்றுத்தர வந்த பயிற்சியே உயிரைப் பறித்த இந்த நிகழ்வு, ஒத்திகை நடத்துவோருக்கு நான்கு விதிகளை விட்டுச் சென்றுள்ளது. முதலாவது, பயிற்றுவிக்க வருபவர் காட்டும் அடையாள அட்டையையும் கடிதத்தையும் மட்டும் நம்பாமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவிலும் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் நேரில் விசாரித்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, உயரம், ஆழமான நீர், எரியும் தீ ஆகிய மூன்றிலும் பொதுமக்களை இறக்கவே கூடாது. அவற்றைத் தீயணைப்பு வீரர்கள் தங்கள் கயிறு, கவசங்களுடன் செய்துகாட்டப் பொதுமக்கள் பார்த்தால் போதும், மீட்கப்பட வேண்டிய ஆளின் இடத்தில் மனிதருக்குப் பதில் மணல் நிரப்பிய பொம்மையை வைத்தால் போதும். மூன்றாவது, தயங்குபவரைக் கேலி செய்வதோ வற்புறுத்துவதோ கூடாது. நான்காவது, ஒத்திகையின் எந்தக் கட்டத்திலும், யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று சொன்னால், சொன்னவர் பள்ளிச் சிறுவராக இருந்தாலும் அனைவரும் அப்படியே நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வீரத்தைக் காட்டும் ஆசை புகுந்த இடத்தில் ஒத்திகை வேடிக்கையாகிவிடுகிறது. வேடிக்கையில் விபத்து நேர அதிக நேரம் ஆவதில்லை.

பள்ளமும் பாலமும்

நரசீபுரத்திலிருந்து திரும்பி நொய்யலோடு கிழக்கே வந்தால், சித்திரைச்சாவடி அணைக்கட்டைக் கடந்து, ஆற்று நீரைத் தேக்கி வைக்கும் குளங்களின் தொடருக்குள் கோவை மாநகர் அமைந்திருப்பதைக் காணலாம். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழிவிடும்படி முன்னோர் வகுத்த இந்த ஏற்பாட்டில், ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் நீர் தெருவைத் தேடுகிறது. நகரின் வடபகுதி மழைநீரைச் சிங்காநல்லூர் நோக்கிக் கொண்டுவரும் சங்கனூர்ப் பள்ளமும் இதே இயல்புடையது. கொங்கு வழக்கில் பள்ளம் என்பது, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, மழை பெய்த சில மணி நேரத்தில் கரைபுரண்டு, பெய்து ஓய்ந்ததும் மீண்டும் வற்றிவிடும் ஓடையைக் குறிக்கும். ஆண்டு முழுதும் நீர் ஓடும் ஆற்றுக்கு மக்கள் அஞ்சுகிறார்கள். பத்து மாதம் வறண்டிருக்கும் பள்ளத்தின் கரையிலோ அச்சமின்றி வீடு கட்டுகிறார்கள்.

ஆகவே, மாநகராட்சியின் நூறு வார்டுகளுள் எந்த ஒன்றில் ஒத்திகை நடத்த முனைந்தாலும், தன்னார்வலர்களின் முதல் வேலை மேடை போடுவதன்று, நடப்பது. தாளும் பென்சிலுமாக நான்கைந்து பேர் தெருத் தெருவாக நடந்து, எந்தச் சாக்கடை முதலில் நிரம்புகிறது, எந்த மின்மாற்றி தாழ்வாக உள்ளது, எந்தச் சந்தில் தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது, எந்தச் சுவர் சாய்ந்து நிற்கிறது என்பவற்றை வரைபடமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். லங்கா கார்னர் ரயில் பாலத்தின் அடியில் மழை பெய்தால் நீர் நிற்கும் என்பது நகரம் முழுவதற்கும் தெரிந்த செய்தி. ஏதோ ஒரு தெருவின் பின்புறச் சந்தில் நீர் நிற்பது அந்தச் சந்தில் வாழ்வோருக்கு மட்டுமே தெரியும். இந்த நடையில் உடன் அழைத்துச் செல்லத்தக்கவர், குடிநீர் திறந்துவிடும் வால்வுமேன். எந்தக் குழாய் எங்கே செல்கிறது என்பதை அவரைப் போல் அறிந்தவர் வேறு எவரும் இருப்பதில்லை. மின்வாரிய லைன்மேன், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோர் அடுத்த நிலையில் வருகின்றனர். கோவையின் தெருமுனைதோறும் விடிவதற்கு முன்பே திறந்து, இரவு வெகுநேரம் கழித்தே மூடும் பேக்கரிகள், செய்தி சேரும் இடமாகவும் பரவும் இடமாகவும் ஏற்கெனவே இயங்கி வருவதால், தன்னார்வலர் பட்டியலில் பேக்கரிக்காரரின் பெயர் விடுபடக் கூடாது.

2025 ஜனவரி 3 அதிகாலையில், கொச்சியிலிருந்து சுமார் 18 டன் சமையல் எரிவாயு ஏற்றிவந்த டேங்கர், உப்பிலிபாளையத்தில் அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்து கசியத் தொடங்கியபோது, நகரம் தன் வாழ்நாளின் பெரிய ஒத்திகைகளுள் ஒன்றை உண்மையாகவே நடத்த வேண்டியதாயிற்று. தீயணைப்புத் துறையினர் இடைவிடாது நீரைப் பீய்ச்சியடித்தனர்; போக்குவரத்து மாற்றிவிடப்பட்டது; சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது; கசிவு அடைக்கப்பட்டு, பல மணி நேர முயற்சிக்குப் பின் டேங்கர் நிமிர்த்தப்பட்டு அகற்றப்பட்டது. உயிரிழப்பு ஏதும் நேரவில்லை. நேரம் அதிகாலை என்பதும், தீப்பொறி ஏதும் விழவில்லை என்பதும் நகரத்துக்குக் கிடைத்த நற்பேறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; அது மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து சாக்கடை, சுரங்கப்பாதை, நிலவறை வாகன நிறுத்துமிடம் போன்ற தாழ்வான இடங்களில் தேங்கும். எனவே எரிவாயுக் கசிவுக்கான ஒத்திகையில் மக்களைப் பள்ளமான மைதானத்தில் கூட்டுவது தவறு; காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அத்திசையில், மேடான இடத்தை நோக்கி நடத்திச் செல்ல வேண்டும். வெள்ளத்துக்கு ஒரு கூடுமிடம், எரிவாயுவுக்கு வேறொரு கூடுமிடம் என இரண்டு இடங்களைக் குறித்து வைக்காத திட்டம் அரைகுறையானது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆண்டின் பல மாதங்கள் மேற்கிலிருந்து காற்று வீசும் கோவையில், காற்றின் திசை பார்ப்பது யாருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய கலையன்று.

சுவருக்கு அடியில்

கோவையிலிருந்து வடக்கே செல்லும் சாலை, நீலமலை கண்முன் உயர்ந்து வரும் மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றைச் சந்திக்கிறது. மலைக் காய்கறி மண்டிகளும் ஊட்டி செல்லும் மலை ரயிலும் இவ்வூருக்குப் பெயர் பெற்றுத் தந்துள்ளன. ஊரின் விளிம்பிலுள்ள நடூர், 2019 டிசம்பர் 2 அதிகாலையில் நடந்ததன் பின்னர் வேறு காரணத்துக்காக அறியப்படலாயிற்று. தொடர்மழையில் ஊறிய, ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று, அதன் மறுபுறம் வரிசையாக இருந்த பட்டியல் சாதியினரின் வீடுகள் மீது சரிந்து விழ, உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர்.

ஒத்திகையின் எல்லை எது என்பதை நடூர் காட்டுகிறது. உறக்கத்தில் தலைமேல் விழும் சுவரிடமிருந்து எந்தச் சங்கொலியும் எந்தக் கூடுமிடமும் காப்பாற்றாது. அத்தகைய சுவரை முன்கூட்டியே கண்டறிந்து, அதன் ஆபத்தை எழுத்தில் பதிவு செய்து, அது இடிக்கப்படும் வரை அலுவலகப் படிகளில் ஏறி இறங்குவது மட்டுமே காப்பாற்றும். தெருவை நடந்து குறிக்கும் பணி இதனால் இரட்டைப் பயன் தருகிறது: ஒத்திகைக்கு வரைபடமாகும் அதே தாள், வார்டு உறுப்பினருக்கும் நகராட்சி ஆணையருக்கும் கொடுக்கும் மனுவாகவும் ஆகிறது. மேலும், நகர்ப்புறத்தின் நல்ல தெருக்களில் மட்டும் ஒத்திகை நடத்திப் படம் எடுத்துக்கொள்வது எளிது. பள்ளத்தின் கரையிலும் சுவரின் அடியிலும் யார் வாழ நேர்ந்திருக்கிறது, ஏன் அங்கே வாழ நேர்ந்தது என்ற கேள்வியை எழுப்பாத தன்னார்வப் பணி, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே சென்று சேர்வதேயில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே உள்ள பில்லூர் அணை 100 அடி கொள்ளளவு உயரம் உடையது. நீர்மட்டம் 97 அடியை எட்டியதும் உபரிநீர் பவானியில் திறந்துவிடப்படுவது வழக்கம். மலையில் மழை பெய்யும் செய்தியே அறியாமல் கீழே குளித்துக்கொண்டிருப்பவருக்கு அந்த நீர் திடீர் வெள்ளமாக வந்து சேரும். முன்பு இத்தகைய எச்சரிக்கையைத் தண்டோரா போட்டு, அதாவது பறையறைந்து, அறிவித்தனர். அந்த வேலை ஒரு சமூகத்தினர் மீது சுமத்தப்பட்ட இழிவாகத் தொடர்வதைச் சுட்டி, தண்டோரா முறையைக் கைவிட்டு ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைப் பயன்படுத்துமாறு தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். எச்சரிக்கை ஒலி எதுவாக இருந்தாலும், அதைக் கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பது முன்பே பழகியிருந்தால்தான் அது எச்சரிக்கையாகும்; இல்லையேல் அது தெருவில் போகும் மற்றோர் இரைச்சல்.

பழகிய வெள்ளம்

சிறுமுகை, சத்தியமங்கலம், கோபிசெட்டிபாளையம் எனப் பவானி ஆற்றின் போக்கோடு கிழக்கே இறங்கும் வழியில், கரும்பும் மஞ்சளும் நெல்லும் மாறி மாறி வர, பயணம் பவானி நகரின் கூடுதுறையில், பவானி காவிரியோடு கலக்கும் இடத்தில் வந்து சேர்கிறது. மேட்டூர் அணை நிரம்பி உபரிநீர் திறக்கப்படும் ஆண்டுகளில், பவானியின் கந்தன் பட்டறை, காவிரி நகர் பகுதிகளும், எதிர்க்கரையில் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையத்தின் இந்திரா நகர், கலைமகள் வீதி பகுதிகளும் நீரில் மூழ்குகின்றன. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் விநாடிக்கு இரண்டு இலட்சம் கனஅடி அளவில் வந்த வெள்ளத்தில், கரையோரக் குடும்பங்கள் பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் தங்க வைக்கப்பட்டன.

பள்ளத்து வெள்ளத்துக்கும் காவிரி வெள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு, ஒத்திகை அமைப்போர் கருத்தில் கொள்ள வேண்டியது. மேட்டூரில் எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்பது அறிவிக்கப்படுகிறது. அந்நீர் இடையிலுள்ள கதவணைகளைக் கடந்து பவானியை அடையச் சில மணி நேரம் ஆகிறது. அந்த மணி நேரங்களே இங்குள்ளோரின் மூலதனம். எந்த அளவு திறந்தால் எந்தப் படிக்கட்டு மூழ்கும், எந்த வீட்டு வாசல் நனையும் என்பது கரையோர மக்களுக்கு மனக்கணக்காக இருப்பதால், அவர்கள் அறிவிப்பு வந்ததும் குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒரு பையில் போட்டு, அடுப்பையும் அரிசியையும் எடுத்துக்கொண்டு, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். எடுத்துச் செல்ல இயலாதது தறி. பவானி ஜமக்காளம் நெய்யப்படும் குழித்தறி, நெசவாளர் கால் தொங்கவிட்டு அமர்வதற்குத் தரையில் குழிவெட்டி அமைக்கப்படுவதால், வீட்டுக்குள் புகும் நீர் முதலில் அந்தக் குழியைத்தான் நிரப்புகிறது. பாவும் மரமும் நனைந்தபின் நெசவாளர் குடும்பத்துக்கு வெள்ளம் வடிந்த பிறகும் வேலை இல்லை. உயிரைக் காப்பதோடு ஒத்திகை முடிந்துவிடுவதில்லை, தொழிலை எப்படிக் காப்பது என்பதையும் அது பேச வேண்டும் என்பதற்குப் பவானியின் தறிக்குழிகள் சான்றாகின்றன.

இவ்வாறு வெளியேறியோர் தங்கும் முகாமில் செய்ய வேண்டிய முதல் பணி சோறு போடுவது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மையில் அது கணக்கெடுப்பு. தெருவாரியாக எத்தனை வீடுகள், வீட்டுக்கு எத்தனை பேர், அவர்களுள் வந்து சேராதவர் யார் என்பதை வாசலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், வீட்டிலேயே தங்கிவிட்ட படுக்கை நோயாளியையும், பூட்டிய வீட்டைக் காக்கத் திரும்பிச் சென்ற முதியவரையும் பற்றி மறுநாள்தான் தெரியவரும்.

நள்ளிரவும் பல மொழிகளும்

ஈரோடு, பெருந்துறை வழியாகத் திருப்பூரை நெருங்கும்போது, வயல்கள் குறைந்து பின்னலாடை ஆலைகளும் சாயப்பட்டறைகளும் பஞ்சுக் கிடங்குகளும் சாலையின் இருபுறமும் நிறைகின்றன. 2011 நவம்பரில் பெய்த பெருமழையில், நகரின் ஊடாக வந்து நொய்யலில் கலக்கும் ஜம்மனை ஓடை திடீரெனப் பெருகிக் கரையோரக் குடியிருப்புகளைத் தாக்கியதில் பலர் உயிரிழந்தனர். பவானிக்குக் கிடைக்கும் சில மணி நேரம் திருப்பூருக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய திடீர் வெள்ளம் நள்ளிரவிலும் வரலாம். பகலில், வெயிலில், எல்லாரும் விழித்திருக்கும் வேளையில் நடத்தப்படும் ஒத்திகை, இரவில் மின்சாரம் போன நிலையில் நடக்க வேண்டியதற்கு ஈடாகாது. எனவே ஒருமுறையேனும் விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கு மட்டும் கொண்டு, மாலை இருட்டிய பின் நடத்திப் பார்ப்பது நன்று.

திருப்பூரின் மற்றொரு சிறப்பு அதன் மொழிகள். ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் எனப் பல மாநிலத் தொழிலாளர்கள் ஒரே வளாகத்தில் தங்கி வேலை செய்யும் இந்நகரில், தமிழில் மட்டும் செய்யப்படும் அறிவிப்பு குடியிருப்பில் ஒரு பகுதியினரைச் சென்றடையாது. அவர்களுள் இருவர் மூவரைத் தன்னார்வலராகச் சேர்த்துக்கொண்டு, ‘வெளியே வா’, ‘மேலே போ’, ‘அடுப்பை அணை’ போன்ற ஆறேழு கட்டளைகளை இந்தியிலும் ஒடியாவிலும் வங்காள மொழியிலும் ஒலிப்பதிவு செய்து வைத்திருப்பது செலவில்லாத ஏற்பாடு. பஞ்சுப் பொதியில் பிடிக்கும் தீ, மேலே அணைந்ததுபோல் தோன்றி உள்ளே கனன்று மீண்டும் எரியும் இயல்புடையது என்பதையும், இரவுப் பணியில் ஆலை வாசற்கதவைப் பூட்டும் வழக்கம் எத்தனை ஆபத்தானது என்பதையும் இங்கே நடக்கும் ஒத்திகைகள் தவறாமல் எடுத்துரைக்க வேண்டும்.

ஒரு காலைப்பொழுதின் அமைப்பு

இந்த ஐந்து இடங்களிலும் கிடைத்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு தெருவுக்கான ஒத்திகையின் வடிவம் தெளிவாகிறது. ஐம்பது முதல் நூறு வீடுகள் கொண்ட ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, பத்து வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் தன்னார்வலர்களைப் பிரிப்பது நடைமுறைக்கு ஏற்றது. அவர்கள் தங்கள் பத்து வீடுகளில் யார் நடக்க இயலாதவர், யார் தனியே வாழும் முதியவர், யார் கருவுற்றிருப்பவர், எங்கே கைக்குழந்தை உள்ளது என்பதை அறிந்து வைத்திருப்பர். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள் பெருகிவிட்ட கோவையில் இந்தப் பட்டியலே ஒத்திகையின் பாதி வேலை. தேதியும் நேரமும் ஒரு வாரம் முன்பே துண்டறிக்கையாகவும் ஒலிபெருக்கியாலும் அறிவிக்கப்பட வேண்டும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பீதியை உண்டாக்கும் பொய்யான எச்சரிக்கையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருப்பதால், காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்காமல் சங்கு ஊதுவது விவேகமன்று.

ஒத்திகை நாளில் சங்கு ஒலித்ததும் தன்னார்வலர்கள் தத்தம் பத்து வீடுகளின் கதவைத் தட்டி, மக்களைக் கூடுமிடத்துக்கு அனுப்பி, கடைசி ஆளாகத் தாங்கள் வந்து, பெயர் வாசித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். சங்கு ஒலித்ததிலிருந்து கணக்கு முடியும் வரை ஆகும் நேரமே அந்தத் தெருவின் உண்மையான மதிப்பெண். அதன்பின் தீயணைப்பு வீரர்களின் செய்முறை விளக்கம் இடம்பெறும். எரியும் சிலிண்டரை அவர்கள் அணைத்துக் காட்டும் விதம் உற்றுநோக்கத் தக்கது: கோணிச் சாக்கை வாளி நீரில் முழுதும் நனைத்து, நீர் சொட்டச் சொட்ட அதன் இரு முனைகளையும் உள்ளங்கைகள் மறையும்படி சுருட்டிப் பிடித்து, தன் உடலுக்கும் தீக்கும் நடுவே திரையாக நீட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கமிருந்து நெருங்கி, சிலிண்டரின் தலையில் போர்த்தி அழுத்துகிறார்கள், காற்று அறுபட்டதும் சுடர் அடங்க, சாக்கோடு சேர்த்தே ரெகுலேட்டரை மூடுகிறார்கள். நீரில் தவிப்பவரை மீட்பதற்கு அவர்கள் காட்டும் கருவிகளும் வீட்டில் கிடைப்பவையே: வாய் இறுக மூடிய காலிப் பிளாஸ்டிக் குடம், தண்ணீர் கேன், வாழைமரத் துண்டு, லாரி டியூப். கம்பை நீட்டு, கயிற்றை எறி, நீச்சல் தெரியும் என்ற துணிவில் நீரில் இறங்காதே என்பதே அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை.

செய்முறை முடிந்ததும் கலைந்து செல்வது வழக்கமாக நேரும் பிழை. எந்த வீட்டுக்குச் சங்கொலி கேட்கவில்லை, எந்தச் சக்கர நாற்காலி எந்த வாசற்படியில் சிக்கியது, யாருடைய பெயர் பட்டியலில் இல்லை என்பவற்றை அரை மணி நேரம் அமர்ந்து பேசி எழுதிக்கொண்டால்தான் அடுத்த ஒத்திகை முந்தையதைவிடச் சிறக்கும். 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்தை நினைவுகூர்ந்து செப்டம்பர் முதல் நாளைப் பேரிடர்த் தடுப்பு நாளாகக் கொண்டு நாடெங்கும் ஒத்திகை நடத்தும் ஜப்பானும், 1970ஆம் ஆண்டுப் புயலின் பேரழிவுக்குப் பின் கிராமத் தன்னார்வலர்களைக் கொண்டு எச்சரிக்கை அமைப்பைக் கட்டியெழுப்பிய வங்காளதேசமும் இந்தத் தொடர்ச்சியினாலேயே உயிர்களைக் காத்து வருகின்றன. இந்தியாவில் 2016இல் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு இலட்சம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நோக்கோடு விரிவாக்கப்பட்ட ‘ஆப்த மித்ரா’ திட்டம் இவ்வழியில் வைக்கப்பட்ட அடியாகும். ஆயினும் மாவட்டத்துக்குச் சில நூறு பேர் என்னும் கணக்கில் பயிற்சி பெற்றவர்கள், ஒவ்வொரு தெருவின் ஒவ்வொரு கதவையும் தட்ட இயலாது. அதைத் தட்ட வேண்டியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

கொங்கு நாட்டு ஊர்களுக்குக் கூட்டுப் பணி புதிதன்று. அவிநாசித் தேர் அசையும்போது வடம் பிடிப்போர் எங்கே நிற்க வேண்டும், சன்னக்கட்டை போடுவோர் எப்போது போட வேண்டும், கூட்டத்தை விலக்குவோர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒழுங்காகத் தலைமுறைகளாகத் தொடர்கிறது. அந்த ஒழுங்கை நோன்புக்கும் தேருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளாமல், மழைக்கும் தீக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை பயன்படுத்தினால் போதும். தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கும் ஆனி, ஆடிக்கு முன் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன் ஒருமுறையும் ஒவ்வொரு குடியிருப்போர் சங்கமும் தன் தெருவை நடந்து பார்த்து, ஒத்திகை நடத்தி, குறைகளை எழுதி மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ அளிக்க வேண்டும். அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எரிவாயுக் கசிவுக்கு 1906 என்னும் ஐந்து எண்களையும் வீட்டுக் கதவின் உட்புறத்தில் இன்றே எழுதி ஒட்டுவதிலிருந்து அந்தப் பணியைத் தொடங்கலாம்.